கல்பிட்டிக்குப் போகும் சின்னக் கதிரைகள்

கச்சான் காற்று அடிக்கிற பின்னேரங்களில் எங்கள் முன்பள்ளிக் கட்டடத்துக்குள் மணல் வந்து சேரும். வாசலால் வரும், யன்னலால் வரும், ஓட்டு இடுக்கால்கூட வரும். கூட்டித் தள்ளினால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்துவிடும். அந்த மணலுக்கு நடுவே, சிறுபிள்ளைகளின் சிவப்பும் மஞ்சளுமான பிளாஸ்டிக் கதிரைகளைச் சோடி சோடியாக அடுக்கி, கிழடுகள் நாங்கள் ஒரு பஸ்ஸுக்குள் இருக்கிறோம்.

முன்னுக்கு பிலோமினா அக்கா. அவருடைய கையில் பெரிய வாளி மூடி ஒன்று. அதுதான் ஸ்டியரிங். வாயால் எஞ்சின் சத்தம் போட வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. வாசலில், இடது கையால் கதவு நிலையைப் பிடித்தபடி, நூர்தீன் நானா நிற்கிறார். அவர்தான் கொண்டக்டர். அவருக்குப் பின்னால் முதல் கதிரையில் அவருடைய மனைவி ஹலீமா ராத்தா, இரண்டு கைகளையும் முன்னுக்கு நீட்டியபடி இருக்கிறார். நானா விழுந்தால் பிடிப்பதற்கு.

“மாம்புரி,” என்கிறார் நூர்தீன் நானா.

சொல் தெளிவாக வருகிறது. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதன் பிறகு அவர் நிலையில் ஒரு தட்டுத் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் நிற்பாட்டு, இரண்டு தட்டு என்றால் போகலாம். இந்த நாட்டில் எல்லாப் பஸ்களிலும் இதுதான் பாஷை. பிலோமினா அக்கா பிரேக் போடுகிறார். பஸ் நிற்கிறது.

அடுத்த சொல் வரவில்லை. வெளியே தென்னோலைகள் சலசலக்கின்றன. தூரத்தில் காற்றாலைகள் அரைத் தூக்கத்தில் சுற்றுகின்றன. கழுதை ஒன்று வாசலடிக்கு வந்து, எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, இதென்ன கூத்து என்பதுபோல நடந்து போகிறது. நாங்கள் அப்படியே இருக்கிறோம்.

பென்சன் பள்ளிக்கூடம்

நான் ஓய்வு பெற்ற நாளைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, பிரசவப் பையைக் கழுவி வெயிலில் காயப்போட்டுவிட்டு, வீட்டுக்குள் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற கதை. ஒரு மருத்துவிச்சிக்கு மத்தியானத்தில் நித்திரை வராது. எந்த நேரமும் யாராவது வந்து படலையைத் தட்டுவார்கள் என்று காது விழித்தே இருக்கும். ஒருவரும் தட்டாத மத்தியானங்கள் எனக்குப் பயமாக இருந்தன.

அந்தப் பயத்தில்தான் வகுப்பைத் தொடங்கினேன். வேறு பெரிய இலட்சியம் எதுவும் இல்லை. முன்பள்ளி மத்தியானத்தோடு விட்டுவிடும். ரீச்சர் பிள்ளை நான் பிரசவம் பார்த்த பிள்ளை, திறப்பைக் கேட்டேன், தந்துவிட்டது. நான் வைத்த பெயர் ‘பின்னேர வகுப்பு’. ஊர் வைத்த பெயர் ‘பென்சன் பள்ளிக்கூடம்’. உண்மையில் பென்சன் எடுத்தவர்கள் நானும் அந்தோனி மாஸ்டரும்தான். மற்றவர்கள் கடலிலிருந்தும் வெங்காயத் தோட்டத்திலிருந்தும் கருவாட்டு வாடியிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள். கடல் யாருக்கும் பென்சன் கொடுப்பதில்லை.

கதிரைகள்தான் எங்களுக்குப் பெரிய சோதனை. அவை நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. இருந்தால் முழங்கால் நாடியில் முட்டும். எழும்பினால் கதிரையும் கூடவே எழும்பும். முதல் கிழமை சிரித்துச் சிரித்தே நேரம் போய்விட்டது. சிரித்தவர்கள் அடுத்த கிழமையும் வந்தார்கள்.

இரண்டாவது கிழமை அந்தோனி மாஸ்டர் பின்னங்கள் படிப்பிக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இந்தக் கரையிலேயே அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் கரும்பலகையைக் கண்டால் நிற்பாட்டத் தெரியாது. பிலோமினா அக்கா குறட்டை விட்டார். மாஸ்டர் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, “பின் வாங்கிலை ஆர் நித்திரை?” என்று கேட்டார். அங்கே வாங்கே இல்லை, இந்தச் சின்னக் கதிரைகள்தான்.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். உத்தியோகத்தில் என்ன செய்தோமோ அதை இந்த வகுப்பில் யாரும் படிப்பிக்கக்கூடாது, செய்யவும் கூடாது. மாஸ்டர் கணக்கைத் தொடக்கூடாது, நான் யாருடைய பிரஷரையும் பார்க்கக்கூடாது, பிலோமினா அக்கா மீனைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டு, நேரம் கிடைக்காமல் விட்ட ஒன்றை மட்டும் படிக்கலாம். மாஸ்டர் பிட்டு அவிக்கப் படித்தார். நான் சிங்களப் பத்திரிகை வாசிக்கப் படித்தேன். எல்லோரும் திரும்பவும் மொக்குப் பிள்ளைகளாகிவிட்டோம். அந்தச் சுகத்தைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

ஓடாத பஸ்

நூர்தீன் நானா யார் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

வன்னியிலிருந்து வந்து இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் மருத்துவிச்சியான புதிது. ஓர் அகதி முகாம் வீட்டிலிருந்து கர்ப்பிணிப் பிள்ளை ஒன்றைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. முதல் பிரசவம். வாகனம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏற்றினேன். பாதி வழியில், ஒரு தென்னந்தோட்டத்துக்கு நடுவே, பஸ் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்கு வலியும் முற்றிவிட்டது.

கொண்டக்டர் மெலிந்த மனிதர், தடித்த மீசை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரையும் இறக்கித் தென்னைகளுக்கு அடியில் இருத்தினார். பெண்களிடம் சால்வையும் ஆண்களிடம் தோளில் கிடந்த சாரமும் வாங்கி யன்னல்களில் கட்டினார். பிறகு மிதிபலகையில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டார்.

“அக்கா, ஆஸ்பத்திரி கிட்ட வந்திட்டுதோ?” என்று அந்தப் பிள்ளை கேட்டது. கண்ணை இறுக்க மூடியிருந்தது. பஸ் நிற்பது அதற்குத் தெரியாது. நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், வாசலில் இரண்டு தட்டுக் கேட்டது.

“ரைட், போவம்! மாம்புரி!” என்றார் கொண்டக்டர்.

பஸ் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. எஞ்சின் சூட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் ஒவ்வொரு வலிக்கும் இடையில் ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சந்தி, பள்ளியடி, கோயிலடி, பாலம். குரலில் அவசரமே இல்லை. அந்தப் பிள்ளை ஒவ்வோர் இடத்தையும் நம்பியது. கேட்கக் கேட்க எனக்கும் தென்னைகள் பின்னால் போவதுபோலத்தான் இருந்தது. அவர் “பாலாவி” என்று சொல்லி வாய் மூடவில்லை, குழந்தை அழுதது.

பெண்களைத் தேற்ற எத்தனையோ பொய் சொன்னவள் நான். அன்றைக்குக் கேட்டதுபோல அழகான பொய்யை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அன்று முதல் அவர் எனக்கு நூர்தீன் நானா, நான் அவருக்கு மிஸி. இந்த மனிதருக்குத்தான், ஓய்வு பெற்றுக் கொஞ்சக் காலத்தில், பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுபோனது.

ஹலீமா ராத்தா கேட்டது

வலது கையும் வலது காலும் பாதிதான் திரும்பி வந்தன. பேச்சு வரவே இல்லை. ஆட்களோடு இருக்க விடுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்களாம். ஹலீமா ராத்தா அவரைக் கைத்தாங்கலாக எங்கள் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்வரிசையில், அவருக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய கதிரையில், அவர் கடல் பக்கம் பார்த்தபடி இருப்பார். மாஸ்டர் அவித்த பிட்டு கல்லாக இருந்தாலும் பேசாமல் சாப்பிடுகிற ஒரே மாணவர் அவர்தான்.

ஒரு நாள் பாலில்லாத பிளேன்ரீ ஊற்றும்போது ஹலீமா ராத்தா என்னைத் தனியே கூப்பிட்டார். எந்நேரமும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிற பெண். அன்று சிரிப்பில்லை.

“மிஸி, அவரு என்னயப் பாக்கிறாரு. ஆனா கிளினிக்ல தாதியப் பாக்கிற மாதிரித்தான் பாக்கிறாரு. சோறு குடுத்தாத் திங்கிறாரு. குளிப்பாட்டினா நிக்கிறாரு. நான் ஆரெண்டு அவருக்குத் தெரியுதா இல்லையா எண்டு எனக்கு வெளங்கல்ல.”

“தெரியாமல் இருக்குமோ ராத்தா?”

“அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுறாங்க. பேச வேணாம் மிஸி. பேச்சு அல்லாட நாட்டம். என்னயத் தெரியுமெண்டு ஒருக்காக் காட்டினாப் போதும். எத்தன வருசம் வேணுமெண்டாலும் பாத்துக்குவன்.”

முகத்தைப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொல்வது என் தொழிலில் பாதி. அன்றைக்கோ பிளேன்ரீயை ஊற்றிக்கொண்டே இருந்தேன், கோப்பை நிரம்பி வழிந்தது.

பிலோமினா அக்காவின் லைசன்

பிலோமினா அக்காவின் வாழ்நாள் ஆசை வாகனம் ஓட்டுவது. சிலாபத்துப் பக்கம் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்து, தலவிலத் தேவாலயத் திருவிழாக்களில் கருவாடு விற்றே பிள்ளைகளை வளர்த்தவர். கருவாட்டுக் கூடையோடு எத்தனையோ லொறிகளின் பின்னால் இருந்து போயிருக்கிறார். ஒரு தரமாவது முன்னால் இருக்க வேண்டுமாம்.

வகுப்பில் வாகனம் ஏது? ஆனால் மாஸ்டர் ஒரு காலத்தில் பழைய கார் ஒன்று வைத்திருந்தவர். காரோட்டம் அவருடைய உத்தியோகம் அல்ல, அதனால் சட்டத்துக்கும் பழுதில்லை. கதிரைகளைப் பஸ்போல அடுக்கினோம். எங்களைப் பயணிகளாக இருத்தினோம். மாஸ்டர் பக்கத்தில் குந்திக்கொண்டு “கிளச்சை மெதுவா விடுங்கோ பிள்ளை, மெதுவா!” என்று கத்த, பிலோமினா அக்கா வாளி மூடியைத் திருப்பியபடி “ஹரி ஹரி, சரி, சத்தம் போடாதீங்க மாஸ்டர், பஸ் பயந்திரும்” என்று சிங்களமும் தமிழுமாகத் திருப்பிக் கத்தினார்.

அப்போதுதான் பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

நூர்தீன் நானா எழும்பினார். வலது காலை இழுத்து இழுத்து, எங்கள் எல்லோரையும் கடந்து, வாசலுக்குப் போனார். ஹலீமா ராத்தா பதறிக்கொண்டு பின்னால் ஓடினார். நானா இடது கையால் நிலையைப் பிடித்தார். வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு நிலையில் இரண்டு தட்டு.

“ரைட்,” என்றார். “பாலாவி. உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க.”

மாஸ்டர் எழும்பி உண்மையாகவே ஒரு கதிரை உள்ளுக்குத் தள்ளிப் போய் இருந்தார். அதன் பிறகுதான் எங்களுக்கு என்ன நடந்தது என்று உறைத்தது. ஹலீமா ராத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்குக் கண் தெரியவில்லை, எல்லாம் தண்ணீராக இருந்தது.

“மிஸி,” என்று மாஸ்டர் மெல்லச் சொன்னார், “சட்டப்படி பாத்தால் நானா இங்கை கொண்டக்டரா நிக்கக் கூடாது, என்ன?”

“சட்டத்தைக் கொண்டுபோய்க் கடலிலை போடுங்கோ மாஸ்டர்,” என்றேன்.

பழகிப்போன சொற்கள் சில பேருக்கு வேறு வழியால் வரும் என்று கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் பிறகு சொன்னார். பாட்டு வரும், ஓதல் வரும், எண்கள் வரும். இவருக்குப் பஸ் வந்தது.

கண்ணை மூடினால்

அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பும் பஸ்ஸோடுதான் முடியும். பாலாவியில் தொடங்கி, மாம்புரி, தலவில தாண்டிக் கல்பிட்டிக்கு. ஆட்கள் வீட்டிலிருந்து பை, குடை, சாமான் கூடை எல்லாம் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒருவர் காலைக் கட்டிய கோழியையும் கொண்டுவந்தார். சும்மா இருந்த கதிரைகளுக்கு எப்படி அவ்வளவு பயண வாசனை வந்ததென்று எனக்குத் தெரியாது.

கண்ணை மூடினால் பஸ் ஓடும். நான் பொய் சொல்லவில்லை. காற்று முகத்தில் அடிக்கும், மணல் கன்னத்தில் குத்தும். வெங்காயம் பிடுங்கிய தோட்டத்தின் மணம் வரும், பிறகு கருவாட்டு மணம், பிறகு உப்புக் காற்று. பிலோமினா அக்காவின் வாய் எஞ்சின் ஓர் இடத்தில் மேடு ஏறும், ஓர் இடத்தில் இறங்கும். எனக்கு இரண்டு பக்கமும் தென்னைகள் போய்க்கொண்டே இருக்கும், சில வேளை நான் சின்ன வயதில் போன வன்னி ரோட்டின் முதிரை மரங்களும் அவற்றோடு கலந்து போகும். தலவிலக் கோயில் தெரிந்தது என்று மாஸ்டர் ஒரு நாள் சத்தியம் செய்தார். நான் மறுக்கவில்லை. எனக்கும் தெரிந்தது.

ஆனால் நாங்கள் ஒரு நாளும் தலவிலவுக்குப் போய்ச் சேரவில்லை. மாம்புரி தாண்டியதும் நானா ஒரு தட்டுத் தட்டுவார். பஸ் நிற்கும். அவருடைய கண் வெளியே போகும். அதோடு சரி.

நாங்கள் என்ன செய்தோம்? பள்ளிக்கூடம் நடத்துகிற ஆட்கள் செய்வதைத்தான் செய்தோம். சொல்லை எடுத்துக் கொடுத்தோம். “தலவில! தலவில சொல்லுங்கோ நானா!” என்று மாஸ்டர் தொடங்குவார். “தல... தல...” என்று இன்னொருவர் பாதி சொல்லுவார். பிறகு எல்லோரும் சேர்ந்து, மறந்துபோன பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதுபோல, “தலவில, தலவில” என்று கத்துவோம். அவ்வளவு அன்பாகக் கத்துவோம். நூர்தீன் நானா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு வாயை மூடிக்கொண்டு, நடந்து போய்த் தன்னுடைய கதிரையில் இருந்துவிடுவார்.

ஒரு நாள் மாஸ்டர் எழும்பிப் போய், தோளில் கை வைத்து, காதுக்குள் சொல்லிக் கொடுத்தார். நானா அந்தக் கையைத் தட்டிவிட்டார். பிறகு அழுதார். பெரிய மனிதர் சத்தம் வராமல் அழுவதைப் பார்ப்பது பெரிய கொடுமை.

ஹலீமா ராத்தா செருப்பைத் தேடி மாட்டினார். “இனி வேணாம் மிஸி. அவர எல்லாருமாச் சேந்து சோதினைக்கு நிப்பாட்டின மாதிரி இரிக்கி.” வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். “ரோட்டில இரிக்கிற ஊரெல்லாம் தெரியிது அவருக்கு. என்னயத்தான் தெரியல்ல.”

அன்றைக்கு எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. இந்த வகுப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

டிரைவர் சொன்ன பேச்சு

எல்லோரும் போன பிறகு நானும் பிலோமினா அக்காவும் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினோம். அவர் வாளி மூடியைத் துடைத்துப் பத்திரமாக மேசைக்குக் கீழே வைத்தார்.

“மிஸி, நான் ஒண்டு சொன்னாச் சிரிப்பீங்க.”

“சிரிக்கிற நிலமையிலையோ நான் இருக்கிறன்?”

“அவரு ஊர்ப் பேர மறந்துட்டு நிக்கல்ல. ஒரு தட்டுத் தட்டினாரு, நான் நிப்பாட்டினன். ரெண்டு தட்டு வரல்ல. ரெண்டு தட்டு வராம நான் எப்பிடி எடுக்கிறது? அங்க ஆரோ ஏற இரிக்கிறாங்க.”

“ஆர் ஏற இருக்கினம்?”

“எனக்கெப்பிடித் தெரியும்? நான் டிரைவர். ரோட்டத்தான் பாக்கலாம்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எத்தனை வருசம் இந்தத் தொழிலில் இருந்தவள் நான்! வலிக்கு நடுவே ஒரு பெண் அமைதியானால், “முக்கு முக்கு” என்று அவளைச் சுற்றி நின்று கத்தக்கூடாது, பிள்ளை வருகிற வழியில் வரும், பேசாமல் இரு என்று எத்தனை மாமிமாரை அதட்டியிருப்பேன்! என்னுடைய வகுப்பில் நானே சுற்றி நின்று கத்தியிருக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் ஹலீமா ராத்தா வீட்டுக்குப் போனேன். நானா முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ராத்தா பலாக்கொட்டை சீவிக்கொண்டிருந்தார்.

“ராத்தா, மாம்புரிக்கும் தலவிலவுக்கும் இடையிலை முந்தி பஸ் நிக்கிற ஹோல்ட் ஒண்டு இருந்ததோ? இப்ப இல்லாதது?”

அவருடைய கத்தி நின்றது. அந்த வயதில் அந்த முகம் சிவந்ததை நான் பார்த்தேன்.

“இருந்தது. தோட்டத்து ஹோல்ட். ரோட்டுப் பெருப்பிக்கக்குள்ள எடுத்துப்போட்டாங்க. நீங்கெல்லாம் வரக்கு முந்தி.”

“அங்கை ஆர் ஏறுவினம்?”

“நான்தான் ஏறுவன்,” என்றார் ஹலீமா ராத்தா.

கல்பிட்டியில் தையல் வகுப்பாம். இவர் ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை. பஸ் வரும் சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டை விட்டு இறங்குவாராம். தைத்த துணிப் பொட்டலத்தை மார்பில் அணைத்துக்கொண்டு, தென்னைகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடி வருவாராம். டிரைவர் ஹோர்ன் அடிப்பாராம், பஸ்ஸில் இருக்கிறவர்கள் முணுமுணுப்பார்களாம். புதிதாக வந்த கொண்டக்டர் மட்டும் இரண்டாவது தட்டுத் தட்டாமல் நிற்பாராம். ஒவ்வொரு நாளும் வாசலில் தொங்கிக்கொண்டு அதே ஒரு பேச்சைச் சொல்லுவாராம்.

“என்ன சொல்லுவார்?”

“அதெல்லாம் என்னத்துக்கு மிஸி இப்ப,” என்று சொல்லிவிட்டுப் பலாக்கொட்டைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். வகுப்புக்கு இன்னும் ஒரேயொரு தரம் வாருங்கள், பஸ்ஸுக்குள் இருக்க வேண்டாம், வெளியே வேலியோரம் நில்லுங்கள் என்று கெஞ்சினேன்.

“நான் வெளியில நிண்டா, அவரு விழுந்தா ஆரு பிடிக்கிற?”

“உள்ளுக்கு எத்தினை பேர் இருக்கிறம்?”

“எல்லாம் கிழடுகள்,” என்றார் ராத்தா. பிறகு சட்டியை அடுப்பில் வைத்தார். “எனக்குப் பயமாயிரிக்கி மிஸி. நான் நிண்டும் அவருக்குத் தெரியல்லெண்டா?”

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

தோட்டத்து ஹோல்ட்

அடுத்த வகுப்பன்று காற்று வெறி பிடித்து அடித்தது. வெளிச்சம் முழுக்க மணல் கலந்து மஞ்சளாக இருந்தது. ஹலீமா ராத்தா வேலியோரத் தென்னைக்குப் பக்கத்தில், கைப்பையை மார்பில் அணைத்துக்கொண்டு நின்றார். மாஸ்டரிடம் வாய் திறக்கக்கூடாது என்று எச்சரித்திருந்தேன். தன்மேல் நம்பிக்கை இல்லாத மனிதர், கைலேஞ்சியைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டார். நான் முதல் கதிரையில், ராத்தா வழக்கமாக இருக்கும் இடத்தில் இருந்தேன்.

“பாலாவி,” என்றார் நானா. பிலோமினா அக்கா எஞ்சினை எடுத்தார். தென்னைகள் போயின. பள்ளியடி போனது, பாலம் போனது.

“மாம்புரி.”

ஒரு தட்டு. பஸ் நின்றது.

அவருடைய கண் வெளியே போனது. கழுதைகளைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். தென்னைக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். பார்வை அங்கே நிற்கவில்லை. அவளைத் தாண்டி, கடலுக்குப் போய்விட்டது.

ராத்தா அதைக் கண்டார். இத்தனை தூரத்திலும் அந்த முகம் விழுந்ததை நான் பார்த்தேன். என்ன பாவ வேலை செய்துவிட்டேன்! காற்று மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் காத்திருந்தோம். நானா திரும்பி எங்களைப் பார்த்தார், நாங்கள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. திரும்பவும் வெளியே பார்த்தார். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்க, படியில் வலது காலை வைத்தார். கால் மடங்கியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

“யா அல்லாஹ்!” என்ற சத்தம் கேட்டது.

ஹலீமா ராத்தா ஓடி வந்தார். அந்த வயதில், அந்த மணலில், முக்காடு பறக்க, பையை மார்பில் இறுக்கிக்கொண்டு, தென்னைகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடி வந்தார். ஒரு செருப்பு மணலில் தங்கிவிட்டது.

நான் நானாவின் சட்டையைப் பிடித்தேன். பிடித்திருக்கத் தேவையில்லை. அவர் இடது கையால் நிலையைப் பற்றி நிமிர்ந்துவிட்டார். அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தத் தடித்த மீசைக்காரக் கொண்டக்டரை அன்றைக்குத்தான் நான் திரும்பவும் கண்டேன்.

“ஓடாத புள்ள,” என்றார் நூர்தீன் நானா. “பஸ் நிக்கும்.”

ராத்தா பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கு எனக்குச் சொல்ல வெட்கப்பட்ட பேச்சு இதுதான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு அவர் நடந்து வந்தார். மெதுவாக, ஒரு காலில் செருப்போடு, முகம் முழுக்கக் கண்ணீரும் சிரிப்புமாக நடந்து வந்தார். நானா வாசலில் ஒதுங்கி வழிவிட்டார். ராத்தா ஏறினார். அவருக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு இருக்கவில்லை. யன்னலோரத்து மஞ்சள் கதிரையில் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி இருந்தார்.

நிலையில் இரண்டு தட்டுக் கேட்டது.

பிலோமினா அக்கா வாய் எஞ்சினை எடுத்தார். அன்றைக்கு யாரும் அவரைத் தடுக்கவில்லை. தலவில வந்தது, கோயில் தெரிந்தது. நாங்கள் கல்பிட்டிக்குப் போனோம்.